60 வீடு, ஏப்ரல் மாதம், எத்தனை லிட்டர்?

தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி வட்டாரத்தில் மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் ரோடு எத்தனை அடி என்று கேட்கிறார்கள். அப்புறம் பட்டா, விலை. கடைசியாகத்தான் தண்ணீர். அதற்குப் பதில் தயாராக இருக்கும்: "ரெண்டு போர் போட்டிருக்கோமுங்க, தண்ணிக்குப் பஞ்சமே வராதுங்க." போர் எந்த மாதத்தில் போட்டது, எத்தனை வீட்டுக்குப் போட்டது என்ற இரண்டு விஷயங்கள் அந்தப் பதிலில் இல்லை. இல்லாத அந்த இரண்டைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு குடியிருப்பைக் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்குக் காகிதத்தில் விடை இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? அது எங்கிருந்து வரும்? வருவது குறைந்தால் எதை விட்டுக்கொடுப்போம்? முதல் கேள்விக்கான விடையைத்தான் நீர்த்தேவைக் கணக்கு என்கிறார்கள். மற்ற இரண்டும் சேர்ந்தால் நீர் சேமிப்புத் திட்டம். பெரிய கணிதம் எதுவும் கிடையாது. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

கேரளாவில் போய் தண்ணீர்க் கணக்கா என்று சிரிப்பவர்கள் உண்டு. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 3,000 மி.மீ. என்பது உண்மைதான். ஆனால் இந்த வட்டாரம் இருக்கும் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்துக்கு அந்தச் சராசரி பொருந்தாது. கிழக்கே வரவர மழை குறைந்துகொண்டே வரும், அதில் பாதிகூடத் தேறாத ஆண்டுகளும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று கோடையில் மண்ணையும் குளத்தையும் சேர்த்தே உலர்த்திவிடும். கீழே கடினப் பாறை. போர் தண்ணீர் என்பது அந்தப் பாறையின் விரிசல்களில் நிற்கும் தண்ணீர். விரிசல் சிக்கினால் உண்டு, சிக்காவிட்டால் 800 அடியிலும் புழுதிதான். நிலத்தடி நீரை அளந்து மத்திய வாரியம் வெளியிடும் பட்டியல்களில் சித்தூர், மலம்புழா ஒன்றியங்கள் நெருக்கடிப் பகுதிகளாகத் தொடர்ந்து வருகின்றன. 2016-ல் இரண்டு பருவமழையும் பொய்த்து, கேரள அரசு 14 மாவட்டங்களையும் வறட்சிப் பகுதி என்று அறிவித்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது.

இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு லிட்டர் கணக்கும் புதிதல்ல. பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடையில் 2000-ல் தொடங்கிய கோக்கோ கோலா ஆலை, கிணறுகள் கெட்டுவிட்டன என்று ஊர் எழுந்து நின்றபின் 2004 மார்ச்சில் நின்றது. அதற்கும் முன்பே தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம் ஆழியாறு நதிநீர் ஒப்பந்தம். 1970-ல் கையெழுத்தான அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கேரளத்துக்கு வர வேண்டும். கோடை வந்தால் டீக்கடையில் அரசியலைவிட இந்த டிஎம்சிதான் அதிகம் பேசப்படும். ஆனால் டிஎம்சியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவரிடம் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் செலவாகிறது என்று கேட்டால் மேலும் கீழும் பார்ப்பார்.

சரி, அங்கிருந்தே தொடங்குவோம்.

ஆளுக்கு எவ்வளவு

இந்தியாவில் கட்டடத் தண்ணீர்க் கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும் எண் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். குடிக்க 5, சமைக்க 5, குளிக்க 55, துணி துவைக்க 20, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, கழிப்பறையில் ஊற்ற 30. கூட்டிப் பாருங்கள், 135 வரும். இந்திய தரநிலைகளை ஒட்டிப் பொறியியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பிரிவினை இது. நாம் இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஆனால் ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். வாய்க்குள் போகிற தண்ணீர் வெறும் 10 லிட்டர். உடம்பிலும் துணியிலும் பட்டு, லேசான சோப்போடு வெளியே போவது 75. எந்தத் தண்ணீராக இருந்தாலும் வேலை நடக்கும் என்கிற கழிப்பறைக்கு 30. இந்த மூன்று எண்கள் பின்னால் மறுபடி வரும்.

கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு 55 லிட்டர்தான் கணக்கு. பஞ்சாயத்துக் குழாய் இருக்கிறதே என்று சொல்லும் விற்பனையாளரிடம் இதை நினைவூட்டலாம். ஷவர், வாஷிங் மெஷின், மூன்று கழிப்பறை என்று கட்டும் வீட்டுக்கு 55 லிட்டர் காணாது.

இனி ஒரு கற்பனைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். 60 வீடு, வீட்டுக்கு 4 பேர், மொத்தம் 240 பேர். 135-ஆல் பெருக்கினால் நாளைக்கு 32,400 லிட்டர். காவலாளி, தோட்டக்காரர், வீட்டு வேலைக்கு வந்து போகிறவர்கள் என 10 பேருக்கு ஆளுக்கு 45 லிட்டர் வீதம் 450. நடுவில் 1,000 சதுர மீட்டரில் ஒரு புல்தரை போட்டு பூங்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காற்றுக்கும் வெயிலுக்கும் புல் பச்சையாக இருக்க சதுர மீட்டருக்குத் தினம் 5 லிட்டராவது வேண்டும், அது 5,000. ஆக 37,850.

இதோடு கணக்கை முடித்தால் தப்பு. குழாயில் புறப்படும் தண்ணீர் முழுவதும் வீடு போய்ச் சேராது. பத்தில் ஒரு பங்கு மூட்டுகளிலும் தொட்டி வழிவதிலும் போகும் என்று வைத்தால் எடுக்க வேண்டியது ஏறக்குறைய 42,000 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் லாரியில் சொன்னால் தினமும் 7 லாரி.

அந்தப் புல்தரையைக் கொஞ்சம் பாருங்கள். 5,000 லிட்டர் என்பது 37 பேருக்கான ஒரு நாள் தண்ணீர். ஒன்பது குடும்பத்தைக் கூடுதலாகக் குடிவைத்ததற்குச் சமம், அதுவும் வாடகை தராத குடும்பங்கள். வேப்பமரமும் புங்கமும் நட்டால் இரண்டு மூன்று கோடை ஊற்றினால் போதும், அப்புறம் தானாகப் பிழைத்துக்கொள்ளும், நிழலும் தரும். விளம்பரப் படத்தில் புல்தான் அழகு என்பதற்காக இந்த ஊரில் புல்தரை போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத விஷயம்.

ஆள் எண்ணிக்கையில்தான் கணக்கு அதிகம் பிசகும். வீட்டுக்கு 4 என்பதை 5 என்று மாற்றினால் வீடுகளின் தேவை மட்டுமே 40,500 ஆகிவிடும். வேலைக்காக வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களும் உண்டு, ஊரிலிருந்து அப்பா அம்மாவோடு தம்பி குடும்பமும் வந்து தங்கும் வீடுகளும் உண்டு. குறைத்துப் போட்டுவிட்டுப் பின்னால் திண்டாடுவதைவிட 5 என்று போட்டுப் பார்த்து, அதற்கும் தாங்குமா என்று சோதித்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இந்தத் தண்ணீர் 24 மணி நேரமும் ஒரே சீராகச் செலவாகாது. காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் எல்லோரும் குளிக்க வேண்டும், குழந்தைகள் பள்ளிக்குப் போக வேண்டும். வீடுகளுக்கான 32,400 லிட்டரை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 1,350. சிறிய குடியிருப்புகளுக்கு உச்ச நேரத்தில் இதைப்போல் மூன்று மடங்கு என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அதாவது மணிக்கு 4,000 லிட்டருக்குச் சற்று மேல். குழாயின் அளவை இதற்குத்தான் தீர்மானிக்க வேண்டும். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் கடைசி வீதியில் ஏழரை மணிக்கு நூல் மாதிரி ஒழுகினால் காரணம் பெரும்பாலும் ஒல்லிக் குழாய்தான்.

அக்டோபர் கணக்கும் ஏப்ரல் கணக்கும்

தேவை தெரிந்துவிட்டது. அடுத்தது வரவு. ஆண்டுச் சராசரியை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்லவே கூடாது. ஆண்டு முழுவதும் வந்த சம்பளத்தை 12-ஆல் வகுத்து, அந்தச் சராசரியை நம்பி ஆடி மாதச் செலவைச் செய்கிற குடும்பம் எப்படி மாட்டிக்கொள்ளுமோ, அப்படித்தான் குடியிருப்பும் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வரவு, தனிச் செலவு எழுத வேண்டும். எழுதியபின் அதில் மோசமான மாதத்தை மட்டும் பார்த்தால் போதும். இந்தப் பக்கத்தில் அது ஏப்ரல், சில ஆண்டுகளில் மே.

போர் போட்டதும் கம்ப்ரஸர் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் காட்டுவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஐப்பசி மழை முடிந்த கையோடு அதைச் செய்தால் விரிசல்கள் எல்லாம் நிறைந்திருக்கும், மணிக்கு 3,000 லிட்டர்கூடக் கொட்டும். அதே போர் ஏப்ரலில் மணிக்கு 1,000 தந்தாலே பெரிது, அதுவும் தொடர்ந்து ஓட்ட முடியாது. சில மணி நேரம் ஓடினால் நீர்மட்டம் இறங்கி மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கும். நிறுத்தி, ஊறவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஆகவே கேட்க வேண்டியது கோடையில் எடுத்த விளைச்சல் சோதனை. மோட்டாரை மணிக்கணக்கில் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, நிறுத்தியபின் பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரமானது என்று எழுதிய தாள். இரண்டு இன்ச், மூன்று இன்ச் என்று வாயால் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது.

நம் 60 வீட்டுக்கு இரண்டு போர் இருக்கிறது, ஏப்ரலில் ஒவ்வொன்றும் மணிக்கு 1,000 வீதம் 8 மணி நேரம் தருகிறது என்று வைப்போம். 16,000 லிட்டர். பழைய தோப்புக் கிணறு ஒன்று 3,000. மொத்தம் 19,000. தேவையோ 42,000. இடையில் 23,000 லிட்டர் பள்ளம், அதாவது தினமும் நான்கு லாரி. லாரிக்காரர் அந்தத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவார்? பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான். அதே பாறை, அதே விரிசல்.

இன்னும் இரண்டு போர் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். 60 வீட்டு மனைப்பரப்புக்குள் நெருக்கமாகப் போடும் போர்கள் பெரும்பாலும் ஒரே விரிசலில் இருந்துதான் குடிக்கின்றன. ஒன்றை ஓட்டினால் மற்றது இறங்கும். தவிர, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் புதுக் கிணறோ போரோ போட அனுமதி வாங்க வேண்டும் என்று கேரளத்தின் 2002-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டம் சொல்கிறது.

எனவே பள்ளத்தை மறுபக்கத்திலிருந்து மூட வேண்டும். தேவையைக் குறைக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவீர்" என்று லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தக் காகிதத்தால் ஒரு குடம்கூட மிச்சமாகாது. மிச்சமாவது அஸ்திவாரம் போடும்போதே குழாய் எப்படி ஓடுகிறது என்பதில்தான்.

இரண்டு குழாய்

முன்பு பார்த்த 75-ஐயும் 30-ஐயும் இப்போது எடுப்போம். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் 240 பேருக்கு நாளைக்கு 18,000 லிட்டர். கழிப்பறைக்கு வேண்டியது 7,200. தோட்டத்துக்கு 5,000. இரண்டையும் கூட்டினாலும் 12,200தான். அதாவது நாம் சாக்கடையில் விடும் சோப்புத் தண்ணீரே கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் போதும், 5,800 லிட்டர் மிச்சமும் இருக்கும். தென்னைக்கு விடலாம்.

செய்வது எப்படி? குளியலறையிலிருந்து வெளியேறும் குழாயும் கழிப்பறையிலிருந்து வெளியேறும் குழாயும் வீட்டுக்குள்ளேயே தனித்தனியாக இறங்க வேண்டும். சமையலறைத் தொட்டித் தண்ணீரை இதில் சேர்க்கக் கூடாது. எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் வடிகட்டியை ஒரே வாரத்தில் அடைத்துவிடும். பிரித்து எடுத்த சோப்புத் தண்ணீர் ஒரு படிவுத் தொட்டி, அப்புறம் ஜல்லியும் மணலும் நிரப்பிக் கல்வாழையோ நாணலோ நட்ட படுகை, கடைசியில் கொஞ்சம் குளோரின் என்று போய், தனியாக ஒரு மேல்தொட்டிக்கு ஏறும். அங்கிருந்து இறங்கும் குழாய் கழிப்பறை ஃப்ளஷ் டேங்குக்கும் தோட்டத்துக்கும் மட்டும். அந்தக் குழாய்க்கு வேறு நிறம் வேண்டும். எந்த வாஷ்பேசினுக்கும் அதிலிருந்து கிளை போகக் கூடாது. பின்னாளில் அவசரத்துக்கு வரும் பிளம்பர் இரண்டையும் இணைத்துவிட்டால் நோயை விலைக்கு வாங்கியதாகிவிடும். அந்த நிறம்தான் அவரைத் தடுக்கும். இந்தத் தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கவும் கூடாது, நாறும்.

கட்டும்போது செய்தால் இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில நீளம் பிவிசி குழாயும் ஒரு தொட்டியும்தான். கட்டி முடித்துக் குடிவந்தபின் செய்வதென்றால் ஒவ்வொரு வீட்டுக் குளியலறைத் தரையையும் உடைக்க வேண்டும். யாரும் உடைக்க மாட்டார்கள். ஆகவே வரைபடத்தில் இது இல்லையென்றால், அந்தக் குடியிருப்பின் ஆயுளுக்கும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

கழிவறைத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கேரளக் கட்டட விதிப்படி உறிஞ்சு குழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டராவது இடைவெளி வேண்டும். விரிசல் பாறை உள்ள இடத்தில் அந்த அளவைக் குறைந்தபட்சம் என்று மட்டுமே படிக்க வேண்டும்.

குழாய்ச் சாமான்களில் மிச்சம் பிடிப்பது எளிது. பழைய ஃப்ளஷ் டேங்க் ஒரு தடவைக்கு 10 லிட்டருக்கு மேல் ஊற்றும். இரட்டைப் பொத்தான் உள்ளது 3 அல்லது 6. குழாய் வாயில் காற்றுக் கலக்கும் சல்லடை மாட்டினால் கை கழுவும்போது வித்தியாசமே தெரியாது, தண்ணீர் மட்டும் குறையும். குளியல், துணி, பாத்திரம் மூன்றிலும் சேர்ந்து ஆளுக்கு 15 லிட்டர் குறைந்தால் போதும் என்று வைக்கிறேன். யாரையும் அரை வாளியில் குளிக்கச் சொல்லவில்லை.

கூரை மேலே இருக்கும் குடிநீர்

மழைநீர்க் கணக்கு இதைவிட எளிது. 1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். ஒரு வீட்டுக் கூரை 80 சதுர மீட்டர் என்றால் 60 வீட்டுக்கு 4,800. ஆண்டுக்கு 1,000 மி.மீ. என்று கஞ்சத்தனமாகவே வைத்து, ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் சிதறியும் போகும் என்று கழித்தால் 38.4 லட்சம் லிட்டர். 60 வீட்டின் நான்கு மாதத் தேவைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த மழை ஆனியிலும் ஆடியிலும் ஐப்பசியிலும் வருகிறது. ஏப்ரலுக்கு அதைக் கொண்டுபோக 38 லட்சம் லிட்டருக்குத் தொட்டி கட்ட வேண்டும். யாராலும் முடியாது. பல குடியிருப்பு அறிக்கைகளில் இந்தப் பெரிய எண்ணை அப்படியே வரவில் எழுதிவிடுகிறார்கள். அது வரவே இல்லை, மண்ணுக்குள் போகக்கூடிய தண்ணீர், அவ்வளவுதான்.

இப்போது அந்த 10 லிட்டரை நினைவுக்குக் கொண்டுவருவோம். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10, வீட்டுக்கு 40. மழையில்லாத 150 நாளுக்கு 6,000 லிட்டர். ஒரு வீட்டுக்கு 6,000 லிட்டர் தொட்டி என்பது போர்டிகோவுக்கு அடியிலேயே அடங்கிவிடும் அளவு. அதை நிரப்ப 80 சதுர மீட்டர் கூரைக்கு 94 மி.மீ. மழை போதும், துலா மாதத்து நல்ல மழை மூன்று நான்கு பெய்தால் ஆயிற்று. மழை குறைந்த ஆண்டில்கூட அது கிடைத்துவிடும்.

இந்த வட்டாரத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கிழக்குப் பாலக்காட்டில் பல போர்களில் ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஏற்றதல்ல என்பது இந்தியத் தரநிலை. பல்லில் பழுப்புக் கறை விழுவது அதனால்தான். கொதிக்க வைத்தாலும் ஃப்ளூரைடு போகாது. அதை நீக்க ஆர்ஓ மெஷின் வைத்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் தள்ளும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் தண்ணீரை வீணாக்கிக் குடிநீர் செய்யும் கூத்து இது. கூரையில் விழும் மழையில் ஃப்ளூரைடு தொல்லை கிடையாது. முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் இறங்கும், அதை வெளியே விட ஒரு திருப்பு குழாய், அப்புறம் மணல் வடிகட்டி, தொட்டிக்குள் வெளிச்சமும் கொசுவும் போகாதபடி மூடி. குடிக்கும் முன் காய்ச்ச வேண்டும். என்னைக் கேட்டால் இந்தத் தொட்டி இல்லாத வீட்டை இந்தப் பக்கம் வாங்கவே யோசிப்பேன்.

தொட்டி நிறைந்தபின் வரும் மீதி மழை கிணற்றுக்குப் போகட்டும். கூரைத் தண்ணீரை வடிகட்டித் திறந்த கிணற்றில் விடும் 'மழைப்பொலிமா' திட்டம் திருச்சூர் மாவட்டத்தில் 2008-ல் தொடங்கியது. செய்முறை நம் தோப்புக் கிணற்றுக்கும் பொருந்தும். விடும் தண்ணீர் நம் கிணற்றிலேயே நிற்குமா என்றால் நிற்காது, பாறை விரிசலில் பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். போகட்டும், அங்கிருந்து நமக்கும்தான் இத்தனை நாள் வந்துகொண்டிருக்கிறது.

மறுபடியும் ஏப்ரல்

கழித்துப் பார்ப்போம். 135-ல் கழிப்பறையின் 30 மறுபயன்பாட்டுக் குழாய்க்குப் போனது, மிச்சம் 105. சாமான்களில் 15, மிச்சம் 90. குடிநீர் 10 கூரைத் தொட்டியிலிருந்து, மிச்சம் 80. 240 பேருக்கு 19,200. வேலையாட்களுக்கு 450. தோட்டத்துக்குப் புதுத் தண்ணீர் ஒரு சொட்டும் கிடையாது. அதே பத்திலொரு பங்கு கசிவோடு ஏறக்குறைய 22,000 லிட்டர். வரவு 19,000. நான்கு லாரியாக இருந்த பள்ளம் 3,000 லிட்டராகச் சுருங்கிவிட்டது. அதை கேரள வாட்டர் அத்தாரிட்டி இணைப்போ பஞ்சாயத்துக் குழாயோ நிரப்பிவிடும். யாரும் குளிக்காமல் இருக்கவில்லை, வாஷிங் மெஷினையும் நிறுத்தவில்லை.

இந்தக் கணக்கைக் கட்டுபவரிடம் யார் கேட்பார்கள்? 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால்தான் மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும், அதற்கான விண்ணப்பத்தில் தண்ணீர் வரவு செலவைக் காட்டியாக வேண்டும். 60 தனி வீடுகள் அந்த எல்லைக்குள் வராது. ஆக, வாங்குகிறவர் கேட்டால்தான் உண்டு.

குடிவந்த பிறகு

வீட்டுக்கு வீடு மீட்டர் வேண்டும், போர் வெளியேற்றத்தில் ஒரு பெரிய மீட்டர் வேண்டும். தண்ணீர்க் கட்டணத்தை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் சிக்கனமாக இருப்பவர் மற்றவருடைய கார் கழுவும் செலவைத்தான் கட்டுகிறார். பெரிய மீட்டர் காட்டுவதிலிருந்து 60 வீட்டு மீட்டர்களின் கூட்டலைக் கழித்தால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கசிவை இடம் கண்டுபிடிக்கக் காவலாளியே போதும். விடியற்காலை இரண்டு மணிக்கு யாரும் குழாய் திறப்பதில்லை. அப்போது மேல்தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் மீட்டர் முள் நகர்ந்துகொண்டிருந்தால் தண்ணீர் எங்கோ போகிறது. வீதி வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தால், எதை மூடும்போது முள் நிற்கிறதோ அந்த வீதி. அங்கே மண் ஈரமாக இல்லாவிட்டால் வீடுகளுக்குள் தேட வேண்டும். பெரும்பாலும் மாட்டுவது ஃப்ளஷ் டேங்க்தான். அடியிலுள்ள ரப்பர் வாஷர் தேய்ந்து, கோப்பையின் பின்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும், சத்தமும் வராது. டேங்க் மூடியைத் திறந்து துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, பொத்தானை அழுத்தாமல் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். கோப்பைக்குள் நீலம் தெரிந்தால் வாஷரை மாற்ற வேண்டியதுதான். நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாயே நாளைக்கு 20 லிட்டருக்கு மேல் தின்னும்.

கடைசியாக, வறட்சிக்கு முன்கூட்டியே எழுதி வைக்கும் ஏற்பாடு. பஞ்சம் வந்தபின் சங்கக் கூட்டம் போட்டால் சண்டைதான் நடக்கும். தோப்புக் கிணற்றில் மாதம் ஒரு தடவை கயிற்றில் குண்டு கட்டி இறக்கி நீர்மட்டத்தை நோட்டில் எழுதி வர வேண்டும். இரண்டு கோடையைப் பார்த்தால் எந்த மட்டம் ஆபத்து என்பது பிடிபடும். முதல் மட்டத்துக்கு இறங்கினால் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுவது நிற்கும், வாளியும் துணியும்தான். இரண்டாவது மட்டத்தில் தண்ணீர் விடுவது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று குறையும், வீட்டு வேலை நடக்கும் மனைகளில் கட்டடத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது முழுவதும் நிற்கும். மூன்றாவதில் லாரி, அதன் செலவு மீட்டர்படி. எந்த மட்டத்துக்கு என்ன, யார் வால்வைத் திருப்புவது, லாரிக்கு யார் போன் செய்வது என்பதெல்லாம் தை மாதத்துக்குள் முடிவாகி, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டு, சங்கத்துக்காரர்கள் கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். ஏப்ரலில் மோட்டார் அறைக்கு வெளியே கூட்டம் கூடும்போது காவலாளி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிடலாம்.